கேட்பவர் விருப்பமும் காண்பவர் உரிமையும்

நுழையும்முன்

கடைத்தெருவில் பெயர்ப்பலகை மாட்டுவதுபோல இணையத்தில் வலைத்தளம் அமைப்பது இன்று சிறுதொழில் செய்வோர்க்கும் இன்றியமையாததாகிவிட்டது. பலகையைத் தெருவில் செல்வோர் மட்டுமே காண்பர். வலைத்தளத்தையோ கண்ணால் காண்போரும் காதால் கேட்போரும் விரலால் தடவிப் படிப்போரும் நாடி வருவர். பணம் கொடுத்துத் தளத்தை அமைக்கச் சொல்பவர் ஒருவர்; அதைப் பயன்படுத்துபவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையில் நிற்கும் வடிவமைப்பாளரின் பணியை விளக்குகிறது இப்பாடம்.

இரண்டு ஊர்கள்

சென்னையின் மேற்கே, 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறைகளும் வார்ப்பு ஆலைகளும் வாகன உதிரிப்பாகக் கூடங்களும் நெருங்கி அமைந்துள்ளன. பிற்காலத்தில் அவற்றின் நடுவே கண்ணாடிச் சுவர்கொண்ட தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் எழுந்தன. இரும்புத் துகளின் வாடை வீசும் தெருவின் ஒரு பக்கம் எந்திரங்கள் அதிர, மறுபக்கம் கணினித் திரைகள் ஒளிர்வது இப்பகுதிக்கே உரிய காட்சியாகும்.

அங்கிருந்து வானகரம் வழியாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சென்றால் பூவிருந்தவல்லி. பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி நெடுங்காலமாக இயங்கிவருவது இவ்வூரில்தான். டேராடூனைத் தலைமையிடமாகக்கொண்ட தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கு உள்ளது. பிரெயில் புள்ளிகளில் எழுத்தறிந்த மாணவர்கள் கணினியைக் கையாளவும் கற்கின்றனர். திரையில் உள்ளதைக் குரலாக மாற்றிச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் அவர்களுக்குக் கண்ணாக அமைகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. அவற்றுள் ஒன்று. விலையின்றிக் கிடைப்பதால் அது உலகெங்கும் பரவியது.

அம்பத்தூரில் ஒருவர் அமைக்கும் வலைத்தளத்தைப் பூவிருந்தவல்லியில் ஒருவர் காதால் படிக்கிறார். முன்னவர் செய்யும் சிறு பிழையும் பின்னவர்க்குப் பூட்டிய கதவாகிவிடும். அவ்விருவரும் ஒருவரை ஒருவர் அறியார்.

மஞ்சளில் சிவப்பு

உதிரிப்பாகம் செய்யும் பட்டறை உரிமையாளர் ஒருவர் தம் தொழிலுக்கு வலைத்தளம் வேண்டும் என்று வடிவமைப்பாளரை நாடுவதாகக் கொள்வோம். அவர் கேட்பவை சில. தளம் மங்கலமாக மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். எழுத்து குங்குமச் சிவப்பில் அமைய வேண்டும். தளத்தைத் திறந்தவுடன் பக்திப் பாடல் ஒலிக்க வேண்டும். ‘எங்களிடம் தரமான பொருள்கள் கிடைக்கும்’ என்னும் வரி திரையின் மேற்பகுதியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விலைப்பட்டியலையும் வேலைவாய்ப்பு அறிவிப்பையும் தனியே தட்டச்சு செய்ய வேண்டியதில்லை; அச்சகத்தில் அடித்த சுவரொட்டியைப் படமாகப் பதித்துவிட்டாலே போதும்.

இவ்விருப்பங்களைக் கண்டு நகைப்பது எளிது. நகைக்கும் வடிவமைப்பாளர்களும் உண்டு. அது முறையன்று. திருமண அழைப்பிதழை மஞ்சள் தாளில் சிவப்பு மையில் அச்சிட்டுப் பழகிய மண் இது. அந்நிறச் சேர்க்கை வாசகர் மனத்தில் நம்பிக்கையையும் நிறைவையும் எழுப்பும் என்பதைப் பட்டறை உரிமையாளர் பட்டறிவால் உணர்ந்திருக்கிறார். தம் வாடிக்கையாளர் யார், அவர்கள் எதைக் கண்டால் நின்று பார்ப்பர் என்பது வடிவமைப்பாளரைவிட அவருக்கு நன்கு தெரியும். முப்பது ஆண்டு தொழில் நடத்தியவரிடம், மூன்று மணி நேரம் அத்தொழிலைப் பற்றிக் கேட்டறிந்தவர் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி.

எனினும் கேட்டதை எல்லாம் கேட்டபடியே செய்துகொடுத்தால் என்ன நேரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை எண்ணால் அளக்க முடியும். வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து இருந்தால் அவ்வேறுபாடு 21-க்கு 1. அதுவே உச்ச அளவு. இரண்டும் ஒரே நிறமானால் 1-க்கு 1. அதாவது எழுத்தே தெரியாது. சிறிய எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட நெறியாகும். திரையில் முழு மஞ்சளின்மேல் முழுச் சிவப்பை வைத்து அளந்தால் ஏறத்தாழ 3.7-க்கு 1 மட்டுமே கிடைக்கிறது. பார்வை மங்கிய முதியவர்க்கு அது போதாது. நண்பகல் வெயிலில் ஆவடிப் பேருந்து நிலையத்தில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் இளைஞர்க்கும் எழுத்துகள் மங்கலாகவே தோன்றும்.

இதே நெறி, பெரிய எழுத்துகளுக்கு 3-க்கு 1 போதும் என்று தளர்த்திக் கொடுக்கிறது. நிறுவனத்தின் முத்திரைச் சின்னத்துக்கு நிறக் கட்டுப்பாடே இல்லை. ஆகவே, மஞ்சளின்மேல் சிவப்பில் உரிமையாளர் கேட்ட தலைப்பை அவ்வாறே வைக்கலாம். சின்னத்தையும் மாற்ற வேண்டியதில்லை. உள்ளே வரும் சிறிய எழுத்துகளை மட்டும் குங்குமச் சிவப்பிலிருந்து அரக்குச் சிவப்புக்கு மாற்றினால் வேறுபாடு ஏறத்தாழ 10-க்கு 1 ஆக உயர்ந்துவிடுகிறது. மங்கலமும் குறையவில்லை, நெறியும் மீறப்படவில்லை. நெறியை முழுமையாகக் கற்றவர்க்கே இவ்விடைவெளி தெரியும். அரைகுறையாகக் கற்றவர் ‘மஞ்சள் கூடாது’ என்று சொல்லி வாடிக்கையாளரை இழப்பார். கல்லாதவர் கேட்டதைச் செய்து பயனாளரை இழப்பார்.

வெள்ளைப் பின்புலத்தில் மெல்லிய சாம்பல் நிற எழுத்து அமைப்பதை நாகரிகம் எனக் கருதுவோர் வடிவமைப்பாளருள் பலர் உண்டு. அவ்வெழுத்துகள் பலவற்றின் வேறுபாடு 3-ஐக்கூட எட்டுவதில்லை. பட்டறை உரிமையாளரின் சிவப்பும் மஞ்சளும் அதைவிட மேல்.

பாட்டும் ஓட்டமும்

பக்திப் பாடலைப் பொறுத்தவரை சிக்கல் வேறு வகையானது. திரைவாசிப்பானைக் கொண்டு படிப்பவர்க்குக் குரலே வழி. தளம் திறந்தவுடன் பாடல் ஒலித்தால் அந்தக் குரல் அதில் அமிழ்ந்துவிடும். பாடலை நிறுத்தும் பொத்தான் எங்குள்ளது என்பதைச் சொல்ல வேண்டியதும் அதே குரல்தான். ஆதலால், மூன்று நொடிக்குமேல் தானாக ஒலிக்கும் எதையும் பயனாளர் நிறுத்தவோ அதன் ஒலியளவைத் தனியே குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்று நெறி கூறுகிறது. பாடலை நீக்கவேண்டும் என்பதில்லை. விரும்பியவர் அழுத்தியபின் ஒலிக்கச் செய்தால் போதும்.

ஓடும் எழுத்துக்கும் அவ்வாறே. ஐந்து நொடிக்குமேல் ஓடுவதாயின் அதை நிறுத்த வழி வேண்டும். மெதுவாகப் படிப்பவர்க்கு, குறிப்பாகத் தமிழை அண்மையில் கற்கத் தொடங்கியவர்க்கு, படித்து முடிக்குமுன் வரி மறைந்துவிடுகிறது. ஒரு நொடியில் மூன்று முறைக்குமேல் பளிச்சிடும் காட்சியோ வலிப்பு நோய் உடையவரின் உடல்நலத்துக்கே ஊறு விளைவிக்கக்கூடும். இந்த ஒன்றில் மட்டும் வடிவமைப்பாளர் வாடிக்கையாளரிடம் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

நெறிகள் பிறந்த வரலாறு

பிரித்தானிய அறிவியலாளர் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வலை என்னும் கருத்தை முன்வைத்தார். அவரே 1994-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பை நிறுவினார். எல்லா உலாவிகளும் ஒரே மொழியில் பேச வேண்டும், எல்லாக் கருவிகளிலும் தளங்கள் திறக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அக்கூட்டமைப்பு 1999-இல் வெளியிட்ட இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுநெறிகளே மேலே கூறிய அளவுகளுக்கெல்லாம் வித்து. 2008-இல் இரண்டாம் பதிப்பும், 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அதன் விரிவுகளும் வந்தன. இந்திய அரசு தன் வலைத்தளங்களுக்கென 2009-இல் தனி வழிகாட்டுநெறிகளை வகுத்தது.

தமிழ்த் தளங்களுக்கு இவ்வரலாற்றில் தனி இயல் ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் இணையத்துக்கு வந்த தமிழ் இதழ்கள் பல, தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. ஓரிதழைப் படிக்க ஓர் எழுத்துருவையும், மற்றோரிதழைப் படிக்க வேறோர் எழுத்துருவையும் தரவிறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இதழாளர்க்குத் தம் எழுத்தின் அழகு விட்டுக்கொடுக்க இயலாத ஒன்று. அவர்கள் விரும்பியதை அந்நாள் வடிவமைப்பாளர்கள் செய்துகொடுத்தனர். அதன் விளைவு விந்தையானது. ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தோன்றும் சொல், கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் வரிசையாகவே பதிந்திருந்தது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். தேடுபொறியில் ‘அம்மா’ என்று தேடினால் அது கிடைக்காது. திரைவாசிப்பானோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிக்கும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் நிலையான எண் வழங்கும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கும் அதில் இடம் கிடைத்திருந்தது. அதைத் தமிழுலகம் முழுமையாகத் தழுவ ஆண்டுகள் பல ஆயின. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் பொது வடிவம் காண முயன்றது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியாக்கத்தையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று ஒருங்குறி அடிப்படையிலான அழகிய எழுத்துருக்கள் பல உள்ளன. தளத்தோடு சேர்ந்தே எழுத்துரு வந்து இறங்கும் வசதியும் உண்டு. அழகு வேண்டுமா, பொதுமை வேண்டுமா என்று அன்று எழுந்த வழக்கு ஒருங்குறி வந்தபின் வழக்கே இல்லாமற் போயிற்று. எனினும், பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைப் படமாக்கித் தளத்தில் ஒட்டும் வழக்கம் அலுவலகங்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

சிட்னி வழக்கு

நெறியைப் புறந்தள்ளியவர் சிறு பட்டறையினர் மட்டும் அல்லர். 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய சிட்னி ஏற்பாட்டுக்குழு தன் வலைத்தளத்தில் படங்கள் பலவற்றுக்கு மாற்றுரை அளிக்கவில்லை. மாற்றுரை என்பது படத்தில் உள்ளதைச் சொற்களில் விவரிக்கும் சிறு குறிப்பு. கண்ணுக்குத் தெரியாது, திரைவாசிப்பானுக்கு மட்டும் கேட்கும். போட்டி முடிவுகளின் அட்டவணையும் குரலில் படிக்க இயலாதவாறு அமைந்திருந்தது. பிறவியிலேயே பார்வையற்ற புரூஸ் மகுவயர் என்பவர் 1999-இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். அவர் விளையாட்டு முடிவுகளைத் தாமே படிக்க விரும்பினார், கேட்டது அவ்வளவே.

தளத்தைத் திருத்த ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் 365 நாள் உழைக்க வேண்டும், பெருஞ்செலவு ஆகும் என்று குழு வாதிட்டது. சிறு குழுவினர் சில வாரங்களில் முடித்துவிடலாம் என்று வல்லுநர்கள் சான்றுரைத்தனர். ஆணையம் 2000 ஆகஸ்டில் மகுவயருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, போட்டிகள் தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் தளத்தைத் திருத்தப் பணித்தது. குழு முழுமையாகத் திருத்தவில்லை. பின்னர் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடாக வழங்க நேர்ந்தது. அதற்குள் போட்டிகள் முடிந்திருந்தன. மகுவயர் படிக்க விரும்பிய முடிவுகளைக் கண்ணுடையோர் எல்லாம் படித்து முடித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி போதும். கட்டிய பிறகு சுவரை இடித்துச் சாளரம் வைப்பதற்கு ஆகும் செலவையே அக்குழு கணக்கிட்டுக் காட்டியது எனலாம்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பு வசதிகள் அனைவருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம், எண்ணிம அணுகல் என்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு கூறு எனத் தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்குத் தொடங்குவதற்கான இணையவழி அடையாளச் சரிபார்ப்பில், கண்ணை இமைத்துக் காட்டுமாறு கேட்கும் நடைமுறையால் அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் அல்லலுற்றதே அவ்வழக்கின் பின்னணி. அந்நடைமுறையை வகுத்தவர் எவரும் தீங்கு கருதி வகுத்தாரல்லர். இமைக்க இயலாதவரும் வருவர் என்பது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே.

தெரிந்துகொள்வோம்

திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் பக்கத்தை முதலிலிருந்து இறுதிவரை கேட்பதில்லை. கண்ணுடையோர் தலைப்புகளை மேலோட்டமாக நோக்குவதுபோல, அவர்கள் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவர். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் கண்ணுக்குத் தலைப்பாகும்; ஆயினும் மீயுரைக் குறிமொழியில் ‘தலைப்பு’ எனக் குறிக்காவிடின் அவர்களுக்கு அது தலைப்பாகாது.

பேச்சில் பிறக்கும் வடிவம்

பட்டறை உரிமையாளரிடம் நெறிகளின் எண்களை அடுக்கினால் அவர் கேட்கமாட்டார். கேட்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. பணம் அவருடையது. தேர்ந்த வடிவமைப்பாளர் முதலில் செய்வது, விருப்பத்துக்குப் பின்னால் உள்ள தேவையைக் கேட்டறிவதே ஆகும். ‘சின்னத்தைப் பெரிதாக்குங்கள்’ என்று சொல்பவர்க்குப் பெரும்பாலும் வேண்டுவது பெரிய சின்னம் அன்று; தம் நிறுவனத்தின் பெயர் வந்தவர் மனத்தில் நிற்க வேண்டும் என்பதே. அதற்கு வேறு வழிகளும் உண்டு. ‘வரி ஓட வேண்டும்’ என்பவர்க்கு, புதிய பொருள் வந்துள்ள செய்தி கண்ணில் பட வேண்டும். அதை அசையாத பட்டையில் தெளிவாக எழுதினாலும் படும்.

அடுத்தது காட்டுதல். வெயிலில் வெளியே அழைத்துச் சென்று இரண்டு கைப்பேசிகளில் இரண்டு நிறங்களைக் காட்டினால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். உரிமையாளரின் வயது அறுபதைத் தாண்டியிருந்தால் இன்னும் விரைவில் முடியும்.

நடைமுறையில் இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. குறைந்த தொகைக்குப் பணியை ஏற்றவர்க்கு ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை எழுத நேரம் கிடைப்பதில்லை. மறுத்தால், பக்கத்துத் தெருவில் மறுபேச்சின்றிச் செய்துகொடுக்க ஒருவர் இருக்கிறார். இந்நெருக்கடியில் உள்ள இளைஞரிடம் எல்லா நெறிகளையும் காக்குமாறு சொல்வது எளிது; அவருடைய வீட்டு வாடகையை யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆதலின் அனுபவம் உடையோர் எதை முதலில் காப்பது என்று வரிசைப்படுத்திக்கொள்கின்றனர். நிறம், படத்தின் அளவு, பக்கத்தின் ஒழுங்கு ஆகியவற்றில் வாடிக்கையாளரின் சுவைக்குப் பெரிதும் இடமளிக்கின்றனர். செய்தியே எட்டாமற் போகும் இடத்தில் உறுதியாக நிற்கின்றனர். வேலைவாய்ப்பு அறிவிப்பு அத்தகைய இடம்.

சுவரொட்டியைப் படமாக ஒட்டினால், பூவிருந்தவல்லியில் படித்து வணிகவியலில் பட்டம் பெற்ற ஒருவர் அப்பக்கத்துக்கு வரும்போது ‘படம்’ என்னும் ஒரு சொல்லோ, கோப்பின் பொருளற்ற பெயரோ மட்டுமே அவர் காதில் விழும். கணக்கு எழுதவும் தொலைபேசியில் பேசவும் ஆள் தேவை என்று அப்படத்தில் இருக்கலாம். அவ்வேலையை அவர் செய்ய வல்லவராகவும் இருக்கலாம். பட்டறை உரிமையாளர் அவரை மறுக்கவில்லை. அவருக்கு அழைப்பே போய்ச்சேரவில்லை. அவ்வறிவிப்பை எழுத்தாகத் தட்டச்சு செய்யப் பத்து நிமிடம் ஆகும். படத்தையும் அதன் அருகிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்த நாளில் சில வடிவமைப்பாளர்கள் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கின்றனர். கணினித் திரையை அணைத்துவிட்டுத் திரைவாசிப்பானை இயக்கி, வாடிக்கையாளரையே தம் தளத்தைக் கேட்கச் செய்கின்றனர். நம் பட்டறை உரிமையாளரும் அவ்வாறு கேட்பதாகக் கொள்வோம். தலைப்பு ஒலிக்கிறது, பொருள்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன, விலைப்பட்டியல் தடுமாற்றமின்றி வருகிறது. இறுதியில் அவருடைய கைப்பேசி எண்ணின் பத்து இலக்கங்களையும் சேர்த்து, ‘தொள்ளாயிரம் கோடி’ என்பதுபோல ஒரே பெருந்தொகையாகக் குரல் வாசிக்கிறது. அவர் சிரிக்கிறார், பிறகு சிரிப்பை நிறுத்தி, இதைக் கேட்டு ஒருவர் எவ்வாறு எண்ணைக் குறித்துக்கொள்வார் என்று தாமே வினவுகிறார். வடிவமைப்பாளர் இலக்கங்களைப் பிரித்து எழுதி, மீண்டும் ஒருமுறை ஓடவிடுகிறார்.